தொடாமல் தோளைத் தூக்குவது எப்படி

வால்தெமார் பெந்தான்கோர் சந்தேகப்பட்டே பெயர் வாங்கியவர். வார நாட்களில் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கும் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாசோ சௌசே ஊர்க் கால்பந்து லீகில் லைன்ஸ்மேன். எவன் எந்த நேரத்தில் விதியை மீறி நைசாக ஆஃப்சைடில் போய் நிற்கிறான் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. வீட்டுக்குப் போனாலும் மூடாது. ரொட்டிக்காரன் சிரித்தால் நேற்றைய ரொட்டியோ என்று தோன்றும். பாதிரியார் நலம் விசாரித்தால் தேவாலயக் கூரைக்கு வசூல் வருகிறது என்று புரிந்துகொள்வார்.

அப்படிப்பட்டவருடைய வலது தோள் ஒரு நாள் காலையில் உறைந்துபோனது. விழவில்லை, அடிபடவில்லை. சட்டை மாட்டப் போனார், கை வரமாட்டேன் என்றது. முதலில் சட்டையைத்தான் சந்தேகப்பட்டார்.

கை வராததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஆட்டம் அதைச் சொல்லிவிட்டது. பந்து கோட்டைத் தாண்டினால் அதை எந்த அணி எறிய வேண்டும் என்று கொடியைப் பக்கம் பார்த்து நீட்டிக் காட்டுவது லைன்ஸ்மேனின் வேலை. அதற்கு இரண்டு கையும் வேண்டும். வால்தெமாருக்கு இடது கை மட்டும் நீண்டதால் அன்றைக்குப் பந்து எல்லாம் இடது பக்கம் தாக்குகிற அணிக்கே போயிற்று. முதல் பாதி முடிந்ததும் வெளியூர்க்காரர்கள் வந்து அவர் அறைக் கதவை உதைத்தார்கள். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. ஆட்டம் முடிந்ததும் உள்ளூர்க்காரர்கள் வந்து அதே கதவை உதைத்தார்கள்.

லீக் தலைவர் நேரடியாகப் பேசுகிற ஆள். "வால்தெமார், வசந்தகாலப் போட்டிக்குள்ள கொடியத் தலைக்கு மேல தூக்கிக் காட்டு, எடம் உனக்கு. இல்லேன்னா என் மருமகன் ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு வீட்ல சும்மாதான் ஒக்காந்திருக்கான்."

வால்தெமாருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அந்தக் கொடியும் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. அதனால்தான் மேபல் பீரிஸின் இயன்முறைச் சிகிச்சையகத்துக்குப் போனார்.

மேபலின் அப்பா கார் நிறுத்தின கொட்டகைதான் அது. இரண்டு கட்டில், நடுவே ஒரு திரை, உத்தரத்தில் ஒரு கப்பி, அதில் ஒரு கயிறு, கூடை நிறைய ரப்பர் பந்து. மற்றதெல்லாம் மேபலின் கைகள். தோளுக்குள்ளே எது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அந்த விரல்கள் தேடிப் பிடிக்கும். உயிர் போகிற மாதிரி வலிக்கும். வால்தெமார் கத்துவார். கத்தி முடிக்கும்போது கை விரற்கடை அளவு மேலே வந்திருக்கும். கால்சட்டைப் பையோடு நின்ற கை மெதுவாக இடுப்புப் பட்டையைத் தாண்டியது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனுஷியை முழுசாக நம்பிவிடலாமா என்று அவர் யோசிக்க ஆரம்பித்திருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் குழு வந்தது.

பக்கத்து ஊரில் எங்கேயோ ஒரு மசாஜ் நிலையத்தில் யாருக்கோ முதுகில் சொறி வந்ததாம். உடனே 'சிறு சிகிச்சையகங்களின் தொற்றுத் தடுப்பு மேற்பார்வைக் குழு' என்று ஒன்று பிறந்துவிட்டது. தொற்றைத் தடுப்பது நல்ல காரியம், அதில் யாருக்கும் மறுப்பில்லை. மேபல் ஏற்கெனவே ஆளுக்கு ஆள் கை கழுவிக்கொண்டுதான் இருந்தாள். விரிப்பு மாற்றிக்கொண்டுதான் இருந்தாள். குழுவுக்குச் சங்கடமே அதுதான். யாரும் சொல்லாமலே ஒருத்தி செய்கிற காரியத்தைக் குழுவின் சாதனையில் எப்படிச் சேர்ப்பது?

தலைவராக டாக்டர் எபேர் கோஷெனேச்சே நியமிக்கப்பட்டார். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். இந்த மாகாணத்தில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம் என்பதால் நியமனத்தை யாரும் தவறாக நினைக்கவில்லை.

அடுத்த தடவை வால்தெமார் போனபோது வாசலில் ஒரு நீளத் தகரத் தொட்டி. அதில் நாற்றமடிக்கிற ஊதா நிறத் தண்ணீர். பக்கத்தில் குழுவின் ஆய்வாளர் வாஷிங்டன், கக்கத்தில் ஒரு பிளாஸ்கை இடுக்கிக்கொண்டு நின்றார்.

"இது என்னப்பா?"

"கால் முக்குற தொட்டி, தோன் வால்தெமார்." தோன் என்பது ஆண்களுக்கும் தோஞா என்பது பெண்களுக்கும் எங்கள் ஊர் மரியாதைச் சொல். "ஷூவோட எறங்குங்க."

"மாடு ஏத்துற லாரிக்கு ரோட்ல வைக்கிறதுல்ல இது? கோமாரி வராம இருக்க?"

"அதேதான். ஆனா மருந்து வேற."

"எப்படி வேற?"

"தண்ணி ஜாஸ்தி."

வால்தெமார் இறங்கினார். ஏறி வெளியே வந்ததும் வாஷிங்டன் அவர் சட்டையில் ஒரு மஞ்சள் வில்லையைக் குத்தினார். எண் போட்டிருந்தது. நாட்டில் ஒவ்வொரு மாட்டின் காதிலும் தொங்குகிற அதே வில்லை.

"காதுல குத்தலையேன்னு சந்தோஷப்படுங்க. டாக்டர் முதல்ல அதத்தான் சொன்னாரு, நாங்கதான் பேசிக் கொறச்சோம்" என்றார் வாஷிங்டன்.

உள்ளே கை கழுவுகிற தொட்டியின் மேல் ஓர் அறிவிப்பு. எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு பாட்டைப் பாடி முடிக்கும்வரை கைகழுவ வேண்டும். எந்தப் பாட்டு என்பதில் குழு இரண்டாகப் பிளந்து கிடந்ததாம். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியவில்லை. கடைசியில் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான் என்று தேசிய கீதத்தை முடிவு செய்தார்கள்.

எங்கள் தேசிய கீதம் அழகானது. ஆனால் நீளம். ஒருவர் பாட ஆரம்பித்தபிறகு இன்னொருவர் கடைக்குப் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து கடைசி வரியில் சேர்ந்துகொள்ளலாம். நீளம்கூடப் பரவாயில்லை. தேசிய கீதம் கேட்டால் எழுந்து நிற்க வேண்டுமே! திரைக்கு அந்தப் பக்கம் இடுப்பெலும்பு மாற்றிக்கொண்ட தோஞா எல்பியா கட்டிலில் படுத்திருந்தார். வால்தெமார் குழாயைத் திறந்து முதல் வரி பாடியதும் கட்டில் முனகியது. எல்பியா எழுந்துகொண்டிருந்தார்.

"நீங்க படுங்க தோஞா எல்பியா, நான் கைதான் கழுவுறேன்!"

"வாயப் பொத்துடா! எங்க அப்பா ராணுவத்துல இருந்தவரு. கீதம் ஓடும்போது நான் படுத்துக் கெடந்தேன்னு நாளைக்கு ஊர்ல சொல்லுவ!"

பாடி முடித்து அவர் படுக்கும்போது அடுத்த ஆள் குழாயைத் திறந்தார். அந்தப் பிற்பகல் முழுக்க எல்பியா படுத்ததைவிட நின்றதுதான் அதிகம். மேபல் இரண்டு கட்டிலுக்கும் நடுவே அட்டென்ஷனில் நின்றுகொண்டிருந்தாள். வால்தெமாருக்கு ஒதுக்கிய நேரம் கீதத்திலேயே கரைந்தது.

போகப் போக ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. கயிற்றில் நார் இருக்கிறது, நாரில் கிருமி ஒளியும் என்று கப்பியைக் கழற்றினார்கள். பந்துகள் உருள்கின்றன, உருள்கிற பொருள் எங்கெல்லாம் போய் வந்தது என்று யாருக்குத் தெரியும் என்று கூடையோடு எடுத்துப் போனார்கள். திரை போனது. கட்டிலை பிளாஸ்டிக்கால் சுற்றினார்கள். படுத்தவர்கள் வழுக்கி இறங்கினார்கள். ஜன்னலோரச் செடியைக்கூட வாஷிங்டன் தூக்கிக்கொண்டு போனார். அது பின்னாளில் அவர் வீட்டு முற்றத்தில் நன்றாகப் பூத்தது.

வால்தெமாருக்கு இதெல்லாம் இயல்பாக நடப்பதாகத் தோன்றவில்லை. எங்கேயோ ஒருவன் ஆஃப்சைடில் நிற்கிறான். யார்? கைகழுவும் மருந்து விற்கிறவனா? வேவு பார்த்தார், அவனுக்கே இன்னும் குழு காசு தரவில்லை. எல்பியாவா? பாவம், அவரால் நிற்கவே முடியாது. சந்தேகம் சுற்றிச் சுற்றி மேபலிடமே வந்து நின்றது.

"ஏம்மா மேபல், ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்காத. லீக் தலைவரு வந்து உன்னப் பாத்தாரா? அவரு மருமகனுக்காக?"

மேபலின் முகம் சிவந்துவிட்டது. "தோன் வால்தெமார், என் கயித்தப் புடுங்கிட்டாங்க, பந்தப் புடுங்கிட்டாங்க. பாதிப் பேரு வர்றத நிறுத்திட்டாங்க. ராத்திரி தூக்கம் வரல எனக்கு. நீங்க வேற வந்து நான் உங்கள வித்துட்டேனான்னு கேக்குறீங்க!"

வால்தெமாருக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் வாஷிங்டன் புது உத்தரவோடு உள்ளே வந்தார். தொற்றின் மூல காரணத்தைக் குழு கண்டுபிடித்துவிட்டதாம். தொடுதல். இனி சிகிச்சையாளர் நோயாளியைக் கையால் தொடக் கூடாது.

"தொடாம நான் எப்படி வாஷிங்டன் இவரு தோளச் சரிபண்றது?"

"அதுக்கும் வழி சொல்லியிருக்காரு டாக்டர்" என்று வாஷிங்டன் துடைப்பக் கம்பு ஒன்றை நீட்டினார். முனையில் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தது. "மாட்ட ஓட்டுறப்ப யாரும் கையால தள்றதில்லையே."

மேபல் அறையின் ஒரு கோடியில் நின்று கம்பால் வால்தெமாரின் முழங்கையைத் தள்ளினாள். கம்பு வழுக்கி விலாவில் குத்தியது. மறுபடி தள்ளினாள். காதில் பட்டது. கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வீட்ல செவுத்துல விரலாலயே ஏறுங்க, எறும்பு மாதிரி. தெனம் பண்ணுங்க, விடாதீங்க" என்றாள் மேபல், சுவரைப் பார்த்தபடியே.

பிறகு குழுவின் பயிற்சிக் கூட்டம் வந்தது. மேபலின் கொட்டகையிலேயே நடந்தது. குழுவினர், மேபல், நோயாளிகள் சார்பில் ஒருவர். எல்பியா 'இனி நிக்கமாட்டேன்' என்று சொல்லிவிட்டதால் வால்தெமார் வந்தார். எல்லோரும் தொட்டியில் கால் நனைத்து, கீதம் பாடிக் கைகழுவி, இடைவெளி விட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். டாக்டர் கோஷெனேச்சே எழுந்தார். அவருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே பேசினார்.

"நண்பர்களே! பல்லாயிரம் மாடுங்க என் பார்வைக்குக் கீழ இருந்திருக்கு. ஒரு மாடாவது 'டாக்டர், இது எதுக்கு?'ன்னு கேட்டிருக்கா? கெடையாது. அதனாலதான் அதுங்க ஆரோக்கியமா இருந்துச்சு, வெட்டுக்குப் போற வரைக்கும். மனுசன்கிட்டதான் சிக்கல். ஒருத்தன் தொட்டத இன்னொருத்தன் தொடுறான். துண்டு, கதவுக் கைப்பிடி, பேனா! ஒருத்தர் எச்சில் இன்னொருத்தருக்குப் போற அந்த ஒரு நொடி இருக்கே, அங்கதான் நம்ம யுத்தம்."

இந்த இடத்தில் வாஷிங்டன் பிளாஸ்கைத் திறந்து, தேநீர்போல எல்லோரும் குடிக்கிற மாத்தே இலை நிரப்பிய சுரைக்குடுக்கையில் வெந்நீர் ஊற்றி, குழலோடு டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் குழலை வாயில் வைத்து உறிஞ்சிக் காலி செய்து திருப்பிக் கொடுத்தார். வாஷிங்டன் மறுபடி நிரப்பி அடுத்தவரிடம் கொடுத்தார். அவர் அதே குழலை உறிஞ்சினார். பிறகு அடுத்தவர். பிறகு மேபல். கொட்டகையில் யாருடைய முகத்திலும் ஒரு சின்ன யோசனைகூட இல்லை. ஊர் பிறந்த நாளிலிருந்து மாத்தே அப்படித்தான் சுற்றுகிறது.

வால்தெமாரின் கண் மட்டும் குழலோடு சேர்ந்து நகர்ந்தது. பந்தைப் பார்க்கிற அதே கண். ஆஃப்சைடில் நிற்கிற ஆளை அவர் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். குடுக்கை அவரிடம் வந்தது. குழலின் நுனி ஈரமாகப் பளபளத்தது. டாக்டர் தும்மினார்.

"கிராசியாஸ்" என்று சொல்லி, குடிக்காமலே குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தார் வால்தெமார்.

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. கிராசியாஸ் என்றால் நன்றி; மாத்தே வட்டத்தில் நன்றி என்றால் 'எனக்குப் போதும்' என்று பொருள். குடித்து முடித்துக் கிளம்புகிறவன் சொல்கிற வார்த்தை. ஒரு மடக்குக்கூடக் குடிக்காமல் அதைச் சொன்னவன் பாசோ சௌசேயில் அதுவரை கிடையாது. கொடுத்தவன் முகத்தில் துப்பின மாதிரி.

"என்ன குறை கண்டீங்க?" என்றார் டாக்டர்.

"குறை இல்ல டாக்டர், ஒரு சந்தேகம். பேனாவத் தொடக்கூடாதுன்னீங்க. இந்தக் குழல் இத்தன வாய்க்குள்ள போய் வருதே?"

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. பரிதாபம்தான் வந்தது. "பேனா ஒரு பொருள், தோன் வால்தெமார். மாத்தே பொருளில்ல, அது நட்பு. நட்புல கிருமி இருக்குன்னு எந்த ஆராய்ச்சியும் சொல்லல. அதுவும் போக, இங்க இருக்கறவங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க. தொத்துங்கறது தெரியாதவங்ககிட்ட இருந்து வர்றது."

அந்த வாரக் கடைசிக்குள் குழு முழுக்கத் தொண்டை கட்டிப் படுத்துவிட்டது. வாஷிங்டனுக்குக் காய்ச்சல். மரியாதைக்காகக் குடித்த மேபலுக்கும் குரல் போய்விட்டது. கூட்டம் நடந்த இடம் என்பதால் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார்கள். கழுத்தில் கம்பளித் துணி சுற்றிக்கொண்டு டாக்டரே ஆணிக்கடைக்கு விசாரணைக்கு வந்தார். குரல் கரகரத்தது.

"வந்திருந்த எல்லாரும் படுத்துட்டாங்க. நீங்க மட்டும் நல்லாயிருக்கீங்க. ஏன்?"

"நான் குடிக்கல, டாக்டர்."

"மாத்தேய விசாரணைல சேக்க முடியாது. அது மரியாதை இல்ல. வேற காரணம் சொல்லுங்க."

"வேற காரணம் இல்லையே."

"பாத்தீங்களா!" டாக்டர் கடை முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். "மந்தையே சுருண்டு படுத்து, ஒண்ணு மட்டும் தெம்பா நின்னு புல்லு தின்னா, நாங்க முதல்ல எத ஓரங்கட்டுவோம் தெரியுமா? அந்தத் தெம்பா நிக்கறதத்தான். தொத்தக் கொண்டு வந்தது அது. தனக்கு ஒண்ணும் ஆகாம மத்தவங்களுக்குக் குடுத்திருக்கு."

அதுவரைக்கும் உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்ட வால்தெமார், அன்றைக்கு ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று, ஒரு கணம் தன்னையே சந்தேகப்பட்டார். தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது. அதுவே பயமாக இருந்தது.

தொற்றைக் கொண்டுவந்தவர் சிகிச்சைக்கு வந்த இடம் என்று கொட்டகையை நிரந்தரமாக மூடும் தீர்மானம் சதுக்கத்துக்கு எதிரே குழு அலுவலகத்தில் வாக்குக்கு வந்தது. விதிப்படி நோயாளிகள் தரப்பிலிருந்தும் ஒரு வாக்கு வேண்டும். வேறு யாரும் வரச் சம்மதிக்காததால், கூட்டத்துக்கு ஏற்கெனவே வந்த ஆள் என்று வால்தெமாரையே கூப்பிட்டார்கள். ஒரே ஒரு எதிர்ப்பு இருந்தாலும் தீர்மானம் மாகாணத் தலைநகருக்குப் போக வேண்டும், அங்கே போன காகிதம் எதுவும் திரும்பி வந்ததில்லை என்று மேபல் விசாரித்து வைத்திருந்தாள். அவளை உள்ளே விடவில்லை. நடைபாதையில் நின்றாள்.

"எதிர்த்து ஓட்டுப் போடுங்க, அது போதும்" என்றாள் கட்டின தொண்டையோடு. "அந்தக் கொட்டக தவிர எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

"போடுவேன்மா. உன் கையில்லேன்னா என் கொடியும் இல்ல."

உள்ளே எல்லோரும் அவரைச் சிரித்து வரவேற்றார்கள். வால்தெமாருக்கு அப்போதே சந்தேகம் வந்தது. வாஷிங்டன் குடுக்கையை நிரப்பி முதலில் அவரிடமே நீட்டினார். போன தடவை மறுத்ததற்கு மேபல் கொடுத்த விலையை அவர் மறக்கவில்லை. குழலைப் பார்த்தார். கண்ணை மூடினார். இடது கையால் வாங்கி வாயில் வைத்து உறிஞ்சினார். தண்ணீர் கொதித்தது, நாக்கு வெந்தது. ஒரு மடக்குக்கு மேல் இறங்கவில்லை.

"தீர்மானத்த ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார் டாக்டர்.

எல்லாக் கையும் எழுந்தது.

"எதிர்க்கிறவங்க?"

வால்தெமார் குடுக்கையை மேஜைமேல் வைக்கப் பார்த்தார். அடி உருண்டை, நிற்காது, சாய்ந்தது. வாஷிங்டனிடம் நீட்டினார்.

"காலி பண்ணாம திருப்பித் தரக்கூடாது, தோன் வால்தெமார். உங்களுக்குத் தெரியாததா?"

குடுக்கை இடது கையிலேயே மாட்டிக்கொண்டது; வலது கையைத் தூக்கினார். இடுப்பைத் தாண்டியது. விலாவைத் தாண்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் தூக்கினார். மார்புக்கு நேரே வந்து நின்றுவிட்டது. நெற்றியெல்லாம் வியர்த்தது.

"கை தலைக்கு மேல தெரியணும். விதி" என்றார் டாக்டர்.

"இவ்வளவுதான் வரும், டாக்டர்! அதுக்குத்தானே நான் மேபல்கிட்ட போறது!"

"உங்க கஷ்டம் புரியுது. ஆனா கை தெரியலையே."

"அப்ப வாயால சொல்றேன். நான் எதிர்க்கிறேன்!"

டாக்டர் வருத்தத்தோடு தலையசைத்தார். "வாய் வழியா வர்ற எதையும் இந்தக் குழு ஏத்துக்காது. தொத்தே வாய் வழியாத்தான் பரவுது. தீர்மானம் ஏகமனதா நிறைவேறிச்சு. ஆறிடப்போகுது, குடிங்க."

வால்தெமார் வெளியே வந்தபோது மேபல் அதே இடத்தில் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண் நிறைந்தது.

"தூக்கினேன்மா. சத்தியமா தூக்கினேன். மேல வரல." தோளைத் தடவிக்கொண்டார். "என்னால உன் கொட்டக போச்சு."

மேபல் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு அவர் தோளைப் பார்த்தாள்.

"எவ்வளவு தூரம் வந்துச்சு?"

"என்ன?"

"கை. எதுவரைக்கும் வந்துச்சு? காட்டுங்க."

அவர் காட்டினார். மார்புவரை.

"தோன் வால்தெமார்! போன தடவ இடுப்புக்கு மேல நகரவே இல்ல! செவுத்துல ஏறுனீங்களா?"

"தெனமும்" என்றார் வால்தெமார், குற்றவாளி மாதிரி.

மேபல் சதுக்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். அலுவலக வாசலில் வாஷிங்டன் கக்கத்துப் பிளாஸ்கோடு வந்து நின்றிருந்தார். சிகிச்சையகங்களுக்குத்தான் அவரிடம் விதிகள் இருந்தன. நடைபாதைக்கு ஒன்றும் இல்லை. மேபல் சட்டைக் கையை மடித்துவிட்டு, வெறும் கையால், ஒரு கையை அவர் தோள் எலும்பின் மேலும் இன்னொன்றை முழங்கையின் கீழும் வைத்தாள்.

"வலிக்கும். கத்துறதுன்னா கத்துங்க."

அவர் போட்ட சத்தம் உள்ளே குழுவுக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் வாக்கெடுப்பு முடிந்திருந்தது.